டெல்லியில் இரண்டாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டில் மார்க்கும் ரேங்க்கும் ஏன் இல்லை?

மகள் டெல்லியில் சிபிஎஸ்இ பள்ளியில் இரண்டாவது படிக்கிறாள், கார்டில் மார்க்கே இல்லை, முகம் முகமாக வரைந்திருக்கிறது, எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது ஹெச்பிசி, அதாவது முழுமை முன்னேற்ற அட்டை. 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்னது. மாதிரியைத் தயாரித்தது, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியில் மதிப்பீட்டைக் கவனிக்கும் பரக் பிரிவு. மார்க்குக்குப் பதில், ஒரு செயல்பாட்டில் பிள்ளையின் விழிப்புணர்வு, நுண்ணுணர்வு, படைப்பாற்றல் எந்த நிலையில் இருக்கின்றன என்று டீச்சர் குறிப்பார். அந்த முகங்கள் உங்கள் மகளே தன்னைப் பற்றிச் சொன்னவை. உடன் படிக்கும் பிள்ளையின் கருத்துக்கும் இடமுண்டு. (ஊரிலிருந்து பாட்டி ரேங்க் கேட்டால், ‘அதெல்லாம் எடுத்துட்டாங்க’ என்று சொல்லிவிடுங்கள்.)

அட்டையில் பெற்றோர் நிரப்பும் பக்கத்தை மட்டும் ஏனோதானோவென்று நிரப்பாதீர்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் ஹிந்தியும் இங்கிலீஷும் என்றால் அதை அங்கே எழுதுங்கள். ஹிந்தியில் வாய் திறக்காத பிள்ளைக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிடுவதும் நடக்கும்.

வகுப்பில் கூட்டம் அதிகமென்றால் எல்லா அட்டையிலும் ஒரே வாக்கியம் வருவதும் உண்டு. அதனால் பி.டி.எம்.மில், அதாவது பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில், ‘நல்லா படிக்கிறா’ என்றதும் எழுந்துவிடாமல் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா, புதுப் பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறாளா என்று கேளுங்கள்.