கடையின் சொந்த லேபிள் பீர், கிராஃப்ட் பீர்தானா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். இங்கே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கடையின் சொந்த லேபிளோடு ஐபிஏ (ஹாப்ஸ் என்ற மணமூட்டும் பூ தூக்கலாகச் சேர்த்த பீர் வகை) விற்கிறார்கள். வேறு ஆலையில் கான்ட்ராக்ட் கொடுத்துக் காய்ச்சி வாங்குகிறார்களாம். வைத்திருப்பது கிராஃப்ட் பீர் (சிறிய, சுதந்திரமான ஆலைகளின் பீர்) அலமாரியில், விலையும் கிட்டத்தட்ட அதேதான். நம்பி வாங்கலாமா?

பதில்: காய்ச்சியது யார் என்று தெரியாமல் கிராஃப்ட் விலை கொடுக்காதீர்கள்.

'கிராஃப்ட் பீர்' என்றால் என்ன என்று அமெரிக்க மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அலமாரியில் மாட்டிய பலகை கடைக்காரர் இஷ்டம். ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற ஆலைகளின் சங்கம்தான் ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பேரலைத் தாண்டக் கூடாது; கிராஃப்ட் அல்லாத மதுபான நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; உரிமம் பெற்று பீர் காய்ச்ச வேண்டும். (60 லட்சம் பேரல் என்பது சுமார் 70 கோடி லிட்டர். இதுதான் அவர்கள் கணக்கில் 'சிறியது'!) ஆனால் இதெல்லாம் ஆலைக்கான அளவுகோல், பாட்டிலில் இருக்கும் பீருக்கு அல்ல. ஆலையே இல்லாத கடை இதில் எப்படியும் தேறாது.

அதற்காக கான்ட்ராக்ட் என்றதுமே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பிரபல கிராஃப்ட் பீரான சாமுவேல் ஆடம்ஸே 1980களில் பிட்ஸ்பர்க்கில் இன்னொருவர் ஆலையில் காய்ச்சித்தான் ஆரம்பித்தது. என் ஆட்சேபம் மறைப்பதில்தான். வால்மார்ட் 'ட்ரபிள் ப்ரூயிங்' என்ற பெயரில் சில பீர்களை விற்றது. அந்தப் பெயரில் தனி ஆலை கிடையாது. காய்ச்சியது நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் இருக்கும் ஜெனிசி என்ற பழைய, பெரிய ஆலை. கிராஃப்ட் என்று நம்ப வைத்துவிட்டார்கள் என்று 2017இல் ஒஹாயோவில் ஒரு வாடிக்கையாளர் வழக்கே போட்டார்.

லேபிளில் ஏதோ ஒரு ப்ரூயிங் கம்பெனி பெயர் இருக்கிறதே என்பீர்கள். ஓர் ஆலை பல வணிகப் பெயர்களைப் பதிந்துகொள்ள அங்கே அனுமதி உண்டு, அதனால் பெயரைவிட ஊரைப் பாருங்கள். அந்த ஊரில் எந்த ஆலை இருக்கிறது என்று தேடினாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மதுபான லேபிள்களைக் கவனிக்கும் டிடிபி (TTB) என்ற மத்திய அமைப்பின் லேபிள் ஒப்புதல் பதிவேடும் இணையத்தில் இலவசம்.

நல்ல ஆலையின் பெயர் கிடைத்து, பேக் செய்த தேதியும் புதிதாக இருந்தால் சரி, வாங்கிக் குடியுங்கள். ஐபிஏ பழசானால் ஹாப்ஸ் மணம் போய்விடும், அது யார் காய்ச்சியதானாலும்.