குஞ்சுக்கு விரல் மடங்குது, பெரிய கோழி வாயத் திறந்து மூச்சு வாங்குது: எந்த பாக்கெட்?

அக்கா, சுங்கை சிப்புட் வெயில்ல கோழிங்க மூச்சு வாங்குறதும் குஞ்சுங்களுக்கு விரல் உள்ள சுருண்டு போறதும் ரெண்டும் வேற வேற பிரச்சன, அதனால கடைக்காரர் தண்ணில கலக்கற ஒரே பாக்கெட்டுல ரெண்டும் சரியாகும்னு சொன்னதா எழுதிருக்கீங்களே, அத நம்பி வாங்கிடாதீங்க. பெருசுங்களுக்கு எலக்ட்ரோலைட் (தண்ணில கலக்கற உப்புச்சத்துப் பொடி) போதும், வெயில் கடுமையா இருக்கற மூணு நாலு நாளைக்கு மட்டும், தினமும் புதுசா கலக்கி நிழல்ல வைங்க, மத்த நாள் சும்மா தண்ணி, ஏன்னா உப்பு கூடினா கழிச்சல்தான்.

குஞ்சுக்குத்தான் எனக்கு கவலை. விரல் மடங்கறது பெரும்பாலும் விட்டமின் பி2 (ரிபோஃபிளேவின்) குறைச்சல், நீங்க வெறும் நொய்யரிசியும் மிச்ச சோறும் போடுறதா எழுதிருக்கீங்க, அதுல பி2 ரொம்ப கம்மி. பாக்கெட் பின்னாடி ரிபோஃபிளேவின்னு இருக்கான்னு பாத்து பி காம்ப்ளெக்ஸ் வாங்குங்க, சீக்கிரம் குடுத்தா தேறிடும், நாளாச்சுன்னா நரம்பு கெட்டு விரல் மடங்கினபடியே நின்னுடும். கூடவே குஞ்சுத் தீவனத்துக்கு மாத்திடுங்க, அதுதான் முக்கியம், பாக்கெட் இல்ல.

ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடி நீட்டிப் படுத்தா அது மாரெக்ஸ்ங்கற வைரஸ் நோயா இருக்கலாம், விட்டமின் கேக்காது, கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.

இன்னொன்னு, ரத்தக் கழிச்சலுக்கு அம்ப்ரோலியம்ங்கற மருந்து குடுத்துட்டிருந்தா அந்த நாளெல்லாம் விட்டமின் பி1 இருக்கற எதையும், பி காம்ப்ளெக்ஸும்தான், சேக்காதீங்க, மருந்து பி1-ஐ தடுத்துத்தான் வேலை செய்யுது. அப்படி எதாவது ஓடுதா இப்ப?