ரோமானியர்களின் நாட்டுப்புற வில்லா, நகர வீட்டையே பெரிதாக்கிக் கட்டியதுதானா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் கட்டடக்கலை மாணவர் என்றும், பாடக்குறிப்பில் உள்ள நகர வீட்டின் வரைபடத்தை வைத்தே வில்லாவையும் எழுதிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்று சரியாக எழுதியே மதிப்பெண் இழந்தவன் நான்.

கல்லூரித் தேர்வில், இத்தாலியிலுள்ள பழைய ரோமானிய நகரமான பொம்பெயிக்கு வெளியே உள்ள 'மர்மங்களின் வில்லா'வின் தரைப்படத்தை வரைந்திருந்தேன். வாயிலைக் கடந்ததும் தூண்கள் சூழ்ந்த பெரிஸ்டைல் முற்றம், அதை அடுத்துக் கூரையின் நடுவே திறப்புள்ள ஏட்ரியக் கூடம், கடைசியில் கடலை நோக்கிய அரைவட்ட முகப்பு என்பதே நான் காட்டிய வரிசை. திருத்தியவர் முற்றத்தையும் கூடத்தையும் சிவப்பு மையால் இடம் மாற்றி, 'ஏட்ரியமே முதலில் வரும்' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நகர வீட்டில் வாயிலை ஒட்டி ஏட்ரியமும், நாட்டுப்புறத்தில் நகரப் பாணியில் கட்டும் வீட்டில் முதலில் பெரிஸ்டைலும் பிறகு ஏட்ரியமும் வரும் என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலின் ஆறாம் பகுதியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நூலகத்திலிருந்து எடுத்துச் சென்று காட்டியபோது, பாடக்குறிப்பில் உள்ளபடி எழுதினால் போதும் என்ற பதில்தான் கிடைத்தது. மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணமும் வீணானது. ஆசிரியர்களைக் குறை சொல்வதே இவனுக்கு வேலை என்று யாரும் பின்னூட்டமிட வேண்டாம். எனக்கு மிக நன்றாகக் கற்பித்தவர்களும் உண்டு.

கேள்விக்கு வருகிறேன். மேற்சொன்ன வில்லா ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சரிவான நிலத்தைச் சமப்படுத்த வளைவுகளுடன் கூடிய மேடையை எழுப்பி, அதனுள் நிலவறை நடைவழி ஒன்றையும் அமைத்து, அதன்மேல் வீட்டைக் கட்டினார்கள். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வீடு மாற்றியமைக்கப்பட்டது; இன்று எல்லோரும் தேடிச் சென்று பார்க்கும், சிவப்புப் பின்னணியில் ஏறத்தாழ ஆள் உயர உருவங்கள் நிற்கும் சுவரோவியம் அந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. கி.பி. 62ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு தொடங்கிய பழுதுபார்க்கும் வேலைகள் முடிவதற்குள், 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து அனைத்தையும் மூடிவிட்டது. 1909இல் தொடங்கிய அகழ்வு, இடையில் நின்று, 1929-30இல் தொல்லியலாளர் மையூரியின் மேற்பார்வையில் தொடர்ந்தது.

நேரில் சென்றபோது என்னை நிறுத்திவைத்தது ஓவிய அறையன்று, திராட்சை பிழியும் அறை. எங்கள் குழுவின் வழிகாட்டி அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். நான் பின்தங்கி நின்று பார்த்தேன். அறையின் நீளத்துக்கு ஓர் உத்தரம். அதன் முனையில் செம்மறிக்கடாவின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. மரம் பழையதன்று, மறுஆக்கம்தான். ஆனாலும் இயக்கம் விளங்குகிறது. உத்தரத்தின் ஒரு முனையை அசையாதபடி பொருத்தி, மறுமுனையைக் கயிறும் உருளையும் கொண்டு கீழே இழுத்தால், இடையில் குவித்த திராட்சைச் சக்கை நசுங்கிச் சாறு வடியும். இத்தனை பளுவைத் தாங்கும் தரையும் சுவரும் வேண்டுமென்றால் வீட்டின் அந்தப் பகுதியையே அதற்கெனத் திட்டமிட்டாக வேண்டும். வில்லாவை உல்லாச மாளிகை என்று மட்டும் எழுதுபவர்கள் இந்த அறையை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

வேளாண்மை பற்றி எழுதிய ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா, வில்லாவை உரிமையாளர் பகுதி, பணியாளர் பகுதி, விளைபொருள் பகுதி என மூன்றாகப் பிரிக்கிறார். வருவோர் போவோரை மேற்பார்வையாளர் கவனிக்கும்படி அவரது அறை வாயிலருகே இருக்க வேண்டும் என்றும், விலங்கிட்ட அடிமைகளுக்கான நிலவறையின் சாளரங்கள் குறுகலாகவும் கைக்கு எட்டாத உயரத்திலும் இருக்க வேண்டும் என்றும் அவர் சொல்லும்போது, அந்தக் கட்டடத்தின் கணக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. ஒயின் வெப்பத்தால் கெடாதிருக்கச் சேமிப்பறைக்கு வடக்கிலிருந்தும், எண்ணெய் உறையாதிருக்க அதன் அறைக்குத் தெற்கிலிருந்தும் வெளிச்சம் வர வேண்டும் என்பது விட்ருவியஸின் விதி.

மர்மங்களின் வில்லா நகர மதிலிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில்தானே இருக்கிறது, அதை நாட்டுப்புற வில்லா என்று எப்படிச் சொல்லலாம் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். அவர்கள் 1977இல் கண்டறியப்பட்ட, பொம்பெயிக்கு அருகே பொஸ்கொரேயாலேயில் உள்ள வில்லா ரெஜினாவைப் பார்க்கட்டும். சிறிய பண்ணை வீடு அது. அதன் முற்றத்தில் பூந்தோட்டம் இல்லை. ஒயின் நொதித்து முதிர்வதற்காகக் கழுத்துவரை மண்ணில் புதைத்த 18 தாழிகள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வசிக்கும் அறைகளும் பிழியும் அறையும் அவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.