பழைய ஃபோர் வீல் ஜீப்பை வீட்டிலேயே பழுதுபார்த்து மேம்படுத்த முடியுமா? பெரிய டயர், லிஃப்ட் கிட் (பாடியை உயர்த்தும் பாகங்கள்), கூரை விளக்குகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

முடியும். எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540. இன்ஜினைப் பிரிப்பது, டீசல் பம்ப், நாசில், வெல்டிங் இவற்றைத் தவிர மற்ற வேலைகளில் பெரும்பாலானவற்றை எட்டு ஆண்டுகளாக நானும் என் தம்பியும்தான் செய்து வருகிறோம். ஊர் போடி. மலைக்கு மேலே இடுக்கிப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் இருக்கிறது. போடிமெட்டு வரை நல்ல தார்ச்சாலை. எந்த வண்டியும் ஏறிவிடும். தோட்டத்துக்குள் இறங்கும் கடைசி நான்கு கிலோமீட்டர்தான் ஜீப்புக்கு வேலை வைக்கிறது. பாறை, செம்மண் சேறு, நடுவில் ஓர் ஓடை.

பெரிய டயர், லிஃப்ட் கிட், கூரை விளக்குகள் என்று நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்தேன். தயவுசெய்து ஒரு மழைக்காலம் முடியும் வரை அதைத் தள்ளிவையுங்கள். எங்கள் ஜீப் காட்டில் நின்ற நாள்களில் ஒருமுறைகூட டயர் சிறியதாக இருந்ததால் நிற்கவில்லை. தண்ணீரும் சேறும் போகக் கூடாத இடத்துக்குப் போனதால்தான் நின்றது. வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் முக்கால்வாசி, தண்ணீரை வெளியே நிறுத்துவதும் கிரீஸையும் ஆயிலையும் உள்ளே காப்பதும்தான்.

வாங்கிய மூன்றாம் ஆண்டு ஜூலை மாதம். மேட்டில் ஏறி வந்த சூட்டோடு ஓடையில் இறக்கினோம். தண்ணீர், அச்சையும் பல்சக்கரங்களையும் மூடியிருக்கும் ஹவுசிங்குக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. கடந்து போய்விட்டோம், ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துப் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. வேகம் கூடினால் சத்தமும் கூடியது. ஹவுசிங்கின் அடி நட்டைக் கழற்றினேன். கறுப்பாக வர வேண்டிய ஆயில், பால் அதிகமாக ஊற்றிய காபி நிறத்தில், கெட்டித் தயிர்போலச் சரிந்து விழுந்தது. உள்ளே பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்புபோலப் புள்ளிகள். அப்போதுதான் ஹவுசிங்கின் தலையில் சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும், காற்று போய்வருவதற்கான பிரீதரைக் கழற்றிப் பார்த்தேன். அதன் துளையில் செம்மண் இறுகிக் கல்லாகியிருந்தது. ஆணியால் குத்தித்தான் எடுக்க முடிந்தது.

நடந்தது இதுதான். ஓடி வந்த ஹவுசிங்குக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. பிரீதர் திறந்திருந்தால், அது தண்ணீருக்கு மேலேயும் இருந்தால், வெளிக்காற்று உள்ளே போய் அந்த இடத்தை நிரப்பிவிடும். அடைத்திருந்தால் ஹவுசிங் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சீல் என்பது ஆயில் வெளியே வராமல் காப்பதற்கு. உள்ளிருந்து வரும் இழுப்பை அது தாங்குவதில்லை.

ஆகவே முதல் மேம்பாடு பிரீதர் குழாய். முன், பின் இரண்டு ஹவுசிங்கிலும் பிரீதரைக் கழற்றிவிட்டு ஒரு நிப்பிள் பொருத்தி, டீசல் தாங்கும் ரப்பர் குழாயைப் பேட்டரி உயரத்துக்குக் கொண்டுபோய், நுனியில் ஒரு சிறிய ஃபில்டரை மாட்டுங்கள். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குழாய் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். சில நூறு ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அந்தப் பேரிங்குக்கும் கிரவுன் பினியன் செட்டிங்குக்கும் (உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைப் பொருத்தும் வேலை) கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதே நாளில் ஆயிலையும் மாற்றிவிடலாம். எப்போதும் மேலே ஊற்றும் நட்டை முதலில் கழற்றுங்கள், அடி நட்டை அதன் பிறகு தொடுங்கள். பழைய வண்டிகளில் மேல் நட்டு துருப்பிடித்துத் திரும்ப மறுக்கும். ஆயிலை வடித்துவிட்ட பிறகு அது தெரிந்தால், வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டுபோகக்கூட வழியில்லை. ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 வகை 90 கிரேடு ஆயில். கியர்பாக்ஸுக்கு அதையே ஊற்றிவிடாதீர்கள். பழைய கியர்பாக்ஸ்களில் கியர் மாற்றத்தை இலகுவாக்கும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை; ஜிஎல்-5 ஆயிலில் அழுத்தம் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். அங்கே ஜிஎல்-4 தான் பொருத்தம்.

அடுத்தது பிரேக். எங்கள் ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சேற்றில் இறங்கினால் சேறு டிரம்முக்குள் போய், காய்ந்து, ஷூவை உப்புத்தாள்போலத் தேய்த்துவிடும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து கழுவுகிறோம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்து, உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ளதில் முடிக்க வேண்டும். நம் ஊர் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பதுதான் வழக்கமான வரிசை. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். தம்பி பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடித்துவிட்டேன் அண்ணா" என்று சொன்ன பிறகுதான் நான் நிப்பிளைத் திறப்பேன்; நான் மூடும் வரை அவன் காலை எடுக்க மாட்டான்.

எந்த வேலையாக இருந்தாலும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினீர்களென்றால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். ஹேண்ட்பிரேக் போட்டபடியே வண்டி நகர்ந்துவிடும். எங்கள் வீட்டு வாசல் சரிவு. கட்டை இல்லாமல் நான் ஒரு நட்டைக்கூடத் தளர்த்துவதில்லை.

ஸ்டீயரிங் நடுக்கம் இருந்தால் டை ராடு முனைகள், கிங்பின் பேரிங், கமான் பட்டையின் (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) புஷ் மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். கமான் பட்டையை வளைத்துக் கட்டுவது பட்டறைக்காரர் வேலை. ஆனால் திரும்பி வந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளை நீங்களே ஒருமுறை முறுக்கிவிடுங்கள், புதுப் பட்டை படிந்து இடம் கொடுத்திருக்கும். பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸுக்கு (முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு) கிரீஸ் அடிக்கும்போது நான்கு முனையிலும் புதுக் கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். தார்ச்சாலையில் ஃபோர் வீல் லீவரைப் போட்டு ஓட்டாமல் இருந்தாலே கிராஸ் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். இந்த ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும்.

இப்போது உங்கள் டயருக்கு வருகிறேன். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ.; 235/75 ஆர் 15 இல் சுமார் 733. ஹவுசிங் தரையிலிருந்து உயர்வது அந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 15 மி.மீ. மட்டும். லிஃப்ட் கிட் அதைக்கூடத் தராது. அது பாடியை உயர்த்தும். பாறையில் இடிக்கும் ஹவுசிங் இருந்த உயரத்திலேயே இருக்கும். இருக்கும் டயரிலேயே சேற்றில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள், பிடிமானம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். சாலைக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு நல்ல 12 வோல்ட் காற்றுப் பம்ப் வாங்குங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. முன்னால் மாட்டும் இரும்புச் சட்டமான புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. 15 ஆண்டு கடந்த வண்டி என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும், வண்டியை அங்கே நிறுத்திக் காட்ட வேண்டும். பிரீதர் குழாயும் புது பிரேக் ஷூவும் அங்கே யாரையும் உறுத்தாது.

கருவிகளில் நல்ல ரிங் ஸ்பேனர் செட், கிரீஸ் கன், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, மல்டிமீட்டர், நெற்றியில் கட்டும் விளக்கு போதும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். உங்கள் வண்டி எந்த மாடல் என்று எழுதவில்லை. பிரீதர் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். மாடலும் ஆண்டும் சொன்னால் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.