முட்டுக்காட்டில் ஓட்ட ஒரு காற்றடிக்கும் பேடில்போர்டு: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: கேளம்பாக்கத்தில் இருக்கிறோம். நான் 82 கிலோ, மனைவி 60 கிலோ, மகளுக்கு 8 வயது, 25 கிலோ இருப்பாள். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியும். ஞாயிறு காலையில் முட்டுக்காடு பேக்வாட்டரிலும், கடல் அமைதியாக இருந்தால் கோவளத்திலும் நிதானமாகத் துடுப்பு போட்டுக்கொண்டு போக ஒரு காற்றடிக்கும் ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டு, அதாவது மேலே நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டுகிற மிதவைப் பலகை, வாங்க ஆசை. ஆன்லைனில் ஒன்று பார்த்தேன். 10 அடி நீளம், 30 அங்குல அகலம், 4.7 அங்குல தடிமன், 150 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. துடுப்பு, பம்பு, பை, மேலே மாட்டிக்கொள்ள ஒரு சீட், எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். வாங்கலாமா? அதிகபட்சம் 30,000 வரை போக முடியும். மகளை முன்னால் உட்காரவைத்து நான் நின்று ஓட்டலாமா?

பதில்: இந்த போர்டை வாங்காதீர்கள். மலிவாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை, உங்கள் எடைக்கும் நீங்கள் செய்ய நினைப்பதற்கும் அந்த அளவுகள் பொருந்தாது.

முதலில் அந்த 150 கிலோ. விற்பவர் போடுகிற அந்த எண், அவ்வளவு எடையை ஏற்றினாலும் போர்டு மூழ்காது என்பதற்கு. அவ்வளவு எடையோடு ஒருவர் அதன்மேல் நிம்மதியாக நின்று ஓட்ட முடியும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. யார் கேட்டாலும் நான் சொல்கிற கணக்கு, போட்டிருக்கிற எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பதுதான். நீங்களும் மகளும் 107 கிலோ, தண்ணீர் பாட்டில், பை, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்ந்தால் 112 வந்துவிடும். 150இல் மூன்றில் இரண்டு பங்கு 100தான்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி, முனையும் வாலும் குறுகுவதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் போர்டின் கொள்ளளவு ஏறக்குறைய வந்துவிடும். நீங்கள் பார்த்தது சுமார் 220 லிட்டர். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களுக்குப் பரவலாக விற்கிற 10 அடி 6 அங்குலம், 32 அங்குலம், 6 அங்குலம் அளவு போர்டு 310 லிட்டர் பக்கம். ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோ மிதக்கும். போர்டின் எடையையும் சேர்த்து 120 கிலோ என்று வைத்துக்கொண்டால் முதல் போர்டு பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கும், இரண்டாவது ஐந்தில் இரண்டு பங்குதான் இறங்கும். பாதிக்கு மேல் அமிழ்ந்த போர்டு நகரவும் நகராது, பக்கத்தில் ஒரு மோட்டார் படகு போனால் அதன் அலை மேலேயே ஏறி வரும்.

அதைவிட முக்கியம் தடிமன். காற்றடிக்கும் போர்டுக்குள் மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும், டிராப் ஸ்டிட்ச் என்பார்கள். அந்த நூல்கள் இருப்பதால்தான் 15 பிஎஸ்ஐ, அதாவது கார் டயரில் போடுவதில் கிட்டத்தட்ட பாதி அழுத்தம் ஏற்றினாலும் பலூன் மாதிரி உப்பாமல் தட்டையாக விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பு தடிமனின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறும். ஒரே துணி, ஒரே அழுத்தம் என்றால் 4.7 அங்குலத்திலிருந்து 6 அங்குலத்துக்குப் போகும்போது விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. 82 கிலோ மனிதர் மெல்லிய போர்டின் நடுவில் நின்றால் அந்த இடம் பள்ளமாகி முனையும் வாலும் தூக்கிக்கொள்ளும், ஒவ்வொரு துடுப்புக்கும் போர்டு மேலும் கீழும் ஆடும், கால் நடுங்கிக்கொண்டே இருக்கும். பலர் "எனக்கு பேலன்ஸ் வரவில்லை" என்று இரண்டே வாரத்தில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை, போர்டுதான் வளைகிறது. அதனால் உங்களுக்கு 6 அங்குலம் கட்டாயம், அகலம் 32க்குக் குறையவே கூடாது, மகளோடு போக 33, 34 இருந்தாலும் நல்லது. நீளம் 10 அடி 6 முதல் 11 அடி வரை. அகலம் 34க்கு மேல் போனால் உங்கள் மனைவி தனியாக ஓட்டும்போது துடுப்பை எட்டிப் போட வேண்டியிருக்கும், தோள் வலிக்கும்.

விளம்பரத்தில் "மிலிட்டரி கிரேடு பிவிசி" என்று எழுதியிருந்தால் அதை அப்படியே தாண்டிப் போங்கள், அதில் ஒரு தகவலும் கிடையாது. கேட்க வேண்டியது, பிவிசி ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா? இரண்டு என்றால் பசை போட்டு ஒட்டியதா, சூட்டில் சேர்த்ததா? சூட்டில் சேர்ப்பதை ஃபியூஷன் என்று போட்டிருப்பார்கள், எடையும் குறைவு, உங்களுக்கு அதுதான் சரி. பக்கவாட்டுத் தையல் பட்டைகளையும் பாருங்கள், பெரும்பாலான போர்டுகள் முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேதான். பசை நம் ஊர் வெயிலுக்கு இளகும், அதனால் சூட்டில் பற்றவைத்த (வெல்டட்) விளிம்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

வெயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். காற்று ஏற்றிய போர்டைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 25 டிகிரியில் 15 பிஎஸ்ஐ இருக்கிற போர்டு 55 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 18ஐத் தொட்டுவிடும், கறுப்பு, கருநீல மேற்பரப்பு அந்தச் சூட்டுக்குச் சீக்கிரமே வந்துவிடும். நிழலில் வையுங்கள், நிழலே இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, சூடான கரையில் 15 வரை ஏற்றிவிட்டு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் ஒரு பிஎஸ்ஐ வரை தானாகவே குறையும். கசிகிறது என்று பதறத் தேவையில்லை.

பம்பு விஷயத்தில் பொறுமை வேண்டும். கையால் அடித்தால் பத்து நிமிடம் பக்கம் ஆகும், முதல் பாதியில் மீட்டர் முள் அசையவே அசையாது, அது பழுதில்லை. போர்டு உருவம் எடுத்த பிறகுதான் முள் ஏறும், கடைசி நாலைந்து பிஎஸ்ஐதான் உயிரை வாங்கும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் 9, 10இல் நிறுத்திவிட்டு போர்டு தொளதொளவென்று இருக்கிறது என்பார்கள். உற்பத்தியாளர் அச்சிட்டிருக்கிற அளவு 15 என்றால் 15 வரை போங்கள், அதைத் தாண்டாதீர்கள். கார் சாக்கெட்டில் சொருகுகிற 12 வோல்ட் மின்பம்பு வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், ஞாயிறு காலை பம்பு அடித்தே களைத்துப்போனால் அப்புறம் போர்டு பரணிலேயே தூங்கும்.

போர்டு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். வால்வின் நடுவில் இருக்கிற முளை மேலே எழுந்திருக்கிறதா பாருங்கள், அமுங்கியிருந்தால் பம்பைக் கழற்றியதும் காற்று மொத்தமாகச் சீறிக்கொண்டு போய்விடும். முழு அழுத்தம் ஏற்றி, நிழலான அறையில் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மீட்டரை மாட்டும்போது குழாய்க்குள் கொஞ்சம் காற்று போகும் என்பதால் ஒரு பிஎஸ்ஐ குறைவது சகஜம். இரண்டு மூன்று குறைந்தால் சோப்புத் தண்ணீரை வால்வைச் சுற்றியும் விளிம்புகளிலும் தடவுங்கள், குமிழி வருகிற இடம்தான் கசிவு. வால்வில் என்றால் பெட்டியோடு வரும் வால்வு சாவியால் இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், விளிம்பில் என்றால் ஒட்டிப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம் இரண்டு முனைகளையும் இரண்டு உறுதியான ஸ்டூல்மேல் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் மெதுவாக ஏறி நில்லுங்கள். லேசாக வளைவது இயல்பு, தெளிவாகப் பள்ளம் விழுந்தால் அது உங்கள் எடைக்கான போர்டு இல்லை. வாலிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் போர்டு முறுக்கிக்கொண்டிருக்கிறதா, ஃபின் (நேராகப் போக போர்டின் அடியில் மாட்டுகிற தகடு) செருகுகிற பெட்டி நேராக ஒட்டியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கோணலான ஃபின் இருந்தால் வாழ்நாள் முழுக்க ஒரே பக்கமாக இழுக்கும்.

முட்டுக்காட்டுக்கு ஃபின்னைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அங்கே பல இடங்களில் ஆழம் குறைவு, பெட்டியோடு வருகிற 8, 9 அங்குல நடு ஃபின் சேற்றிலோ கல்லிலோ தட்டினால் போர்டு சட்டென்று நிற்கும், நீங்கள் முன்னால் விழுவீர்கள், முன்னால் மகள் உட்கார்ந்திருப்பாள். 4 முதல் 6 அங்குல குட்டை ஃபின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு போர்டில் யுஎஸ் ஃபின் பாக்ஸ் என்கிற பொது அளவுப் பெட்டி இருக்க வேண்டும், அந்த அளவுக்குச் செய்த ஃபின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதில் பொருந்தும். கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்த கிளிப் என்றால் ஃபின் தொலைந்த அன்றே போர்டும் முடங்கும்.

துடுப்பு, 19,000 ரூபாய்ப் பெட்டியில் வருவது கனமான அலுமினியமாகத்தான் இருக்கும். தொடங்க அது போதும், ஆனால் வாளித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா பாருங்கள். உங்கள் உயரத்தைவிட 8 முதல் 10 அங்குலம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். அலகின் சாய்வு உங்களுக்கு எதிர்ப்பக்கம், போர்டின் முனையைப் பார்த்து இருக்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் கரண்டி மாதிரி தண்ணீரை அள்ளுகிற திசையில் பிடித்துக்கொள்வார்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்ன அளவுள்ள போர்டில், பேக்வாட்டரில், காற்று எழும்பாத காலை நேரத்தில், தாராளமாக உட்காரவைத்துக்கொண்டு போகலாம். அதற்கு முன் நீங்கள் தனியாகப் போய்ப் பழகி, விழுந்து, மறுபடி ஏறத் தெரிந்திருக்க வேண்டும். அவளும் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே சில தடவை விழுந்து பழகட்டும். அவள் எடைக்கான லைஃப் ஜாக்கெட், கவட்டைப் பட்டையோடு, வாங்குங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினால் தண்ணீரில் அது மேலே போகும், குழந்தை கீழே போகும். நீச்சல் தெரியும் என்பதற்காக நீங்கள் இருவரும் ஜாக்கெட்டை விட்டுவிட வேண்டாம். எங்கே இறங்கலாம், எங்கே படகுகள் ஓடும் என்பதை அங்கே படகு விடுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கடலுக்கு அவளை இப்போது அழைத்துப் போக வேண்டாம். கோவளத்தில் கரையோரம் உடைகிற சின்ன அலைகூட பத்துக் கிலோ போர்டைத் தூக்கிக் குழந்தைமேல் போடும். அதைவிடப் பெரிய ஆபத்து காற்று. மே முதல் ஆகஸ்ட் வரை நம் கரையில் காலையில் மேற்கிலிருந்து கோடைக்காற்று வீசும், அதாவது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து. கரையோரம் தண்ணீர் தகடு மாதிரி படிந்து கிடக்கும், பார்க்கிற யாருக்கும் இன்றைக்கு நல்ல நாள் என்றே தோன்றும். நின்றுகொண்டிருக்கும் மனிதர்மேல் அந்தக் காற்று பட்டால் போர்டு சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்க்கும்போது கரை தூரமாகியிருக்கும், காற்றை எதிர்த்து வர கை ஓயும். அப்படி மாட்டிக்கொண்டால் நிற்காதீர்கள், மண்டியிட்டோ குப்புறப் படுத்தோ துழாவி வாருங்கள், போர்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பினால் கரைக்குத் தள்ளும் என்றாலும் தண்ணீர் கலங்கி நிற்க விடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலை மறந்துவிடுங்கள். கடலுக்குப் போகிற அன்று காலை, இறங்கலாமா என்று கோவளத்து மீனவர்களிடம் கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

லீஷ், அதாவது உங்களையும் போர்டையும் இணைத்துக் கணுக்காலில் கட்டுகிற கயிறு, கடலில் கட்டாயம், விழுந்ததும் போர்டு காற்றில் பறந்துவிடும், நீந்திப் பிடிக்க முடியாது. ஆனால் ஓடுகிற தண்ணீரில் அதே கயிறு உயிரை எடுக்கும். 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரில், மழையில் பெருகிய ஆற்றின் தடுப்பணையில் சிக்கி நான்கு பேடில்போர்டர்கள் இறந்தார்கள். அதை விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் அந்தச் சூழலுக்குப் பொருந்தாத லீஷும் ஒன்று. முட்டுக்காட்டிலும் முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில், நீர் கடலுக்கு வடியும் வற்றத்தின்போது பாலத்துப் பக்கம் தண்ணீர் இழுக்கும், தூணில் கயிறு சுற்றினால் குனிந்து கணுக்காலை எட்ட முடியாது. ஒரே இழுப்பில் கழலுகிற இடுப்பு பெல்ட் லீஷ் வாங்குங்கள், அப்புறமும் முகத்துவாரத்துக்கும் பாலத்துக்கும் எட்டவே இருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 30,000க்குள் இரண்டு ஜாக்கெட்டும் குழந்தை ஜாக்கெட்டும் இடுப்பு லீஷும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் போர்டு தேடுங்கள். அந்த சீட்டுக்காக எந்த போர்டையும் தேர்ந்தெடுக்காதீர்கள், மகள் போர்டின்மேல் ஒட்டியிருக்கிற மெத்தையிலேயே உட்காரலாம். டெக்கத்லான் மாதிரி கடையில் காற்றேற்றி வைத்திருந்தால் தொட்டு அமுக்கிப் பாருங்கள். அதற்கும் முன்னால் கோவளத்து சர்ஃப் பள்ளிகளில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து 32 அங்குல போர்டில் நீங்களும் மனைவியும் நின்று பார்த்துவிடுங்கள்.

மிச்சப் பணத்தில் நல்ல 6 அங்குல போர்டு புதிதாக அமையவில்லை என்றால், மலிவான புது போர்டைவிட நல்ல கம்பெனியின் பழைய போர்டே மேல். விற்பவரிடம் முந்தின நாள் மாலையே முழு அழுத்தம் ஏற்றி வைக்கச் சொல்லி, மறுநாள் காலை உங்கள் மீட்டரோடு போய் அளந்து பாருங்கள். ஏற்றி வைக்க முடியாது என்று சொன்னால் அந்த போர்டை விட்டுவிடுங்கள்.