பணியிடத் தாக்குதலில் தலைக்காயம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நோயாளி ஒருவர் என் முடியைப் பிடித்து உலுக்கிவிட்டார். தலை எங்கும் இடிக்கவில்லை, மயக்கமும் இல்லை. மூன்று நாளாகத் தலைவலி. வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறது. மூளையில் அடிபட்டிருக்குமா?

இருக்கலாம். முடியைப் பற்றி வெடுக்கென இழுக்கும்போது தலை சுழல்கிறது. உள்ளே மூளை ஒரு கணம் பின்தங்கிச் சுழல்வதால், நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. இப்படி மூளை குலுங்கி உண்டாகும் காயத்துக்கு மூளை அதிர்ச்சி (concussion) என்று பெயர். அதற்கு ஆளாகும் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. மருத்துவரைப் பாருங்கள், கழுத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தத் தலைவலி பாதி கழுத்திலிருந்துகூட வரலாம்.

கேள்வி: அதே அடிக்குப் பெண்ணுக்குப் பாதிப்பு கூடுமா?

லேசான காயங்களில், சராசரியாகப் பெண்களுக்கு அறிகுறிகள் கூடுதல், தேறவும் அதிக நாளாகிறது. பெண்களின் கழுத்துத் தசை மெலிது. அதே விசைக்குத் தலை வேகமாக ஆடும். ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்களிலும் பெண் அணுக்களின் இழைகள் மெல்லியவை, இழுத்தால் எளிதில் சேதமடைகின்றன. அடிக்குப் பின் மாதவிடாய் தள்ளிப்போவதும் உண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைக்காயத்தால் இறப்பவர்களில் ஆண்களே அதிகம். வலியை வெளியே சொல்லாமல் மறைக்கும் வழக்கமும் அவர்களிடம் கூடுதல்.

கேள்வி: சி.டி. ஸ்கேன் நார்மல். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?

வேண்டாம். சி.டி. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும்; இழுபட்ட நரம்பிழையைக் காட்டாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் லேசான நடமாட்டம் போதும், திரையைக் குறையுங்கள். அதற்குமேல் இருட்டறையில் படுத்தே கிடப்பதும் கெடுதல். பிறகு வேலைகளைப் படிப்படியாகக் கூட்டுங்கள், ஒரு படிக்கு ஒரு நாளாவது கொடுங்கள். தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்து வாருங்கள். முன்பிருந்ததைவிட இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மீண்டும் அடிபடக்கூடிய பணிக்கு மருத்துவர் அனுமதித்த பிறகே திரும்ப வேண்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், எழுப்பினாலும் எழாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

கேள்வி: சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. மாணவனின் தலை என் நெற்றியில் மோதியது. 'இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்' என்கிறார்கள். புகார் எழுத வேண்டுமா?

கட்டாயம். பராமரிப்பிலும் கற்பித்தலிலும் பெண்களே அதிகம். அங்கே நடக்கும் தாக்குதல் பலமுறை காயமாகவே பதிவாவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை (2019), பணியிட வன்முறையில்லாத சூழல் எல்லோருக்கும் உரிமை என்கிறது. மாணவன் மேல் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். நேரம், தலையில் எந்தப் பக்கம், எதில் மோதியது, அடிக்கு முன்னும் பின்னும் எது நினைவில்லை, யார் பார்த்தார்கள் என அன்றைக்கே எழுதிவிடுங்கள். 'லேசான அடி' என்று எழுதாதீர்கள். மறுநாள் தலைசுற்றல் வந்தால் அதையும் தேதியோடு சேர்த்துவிட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.