சட்டம் பிறகு மாறித் தண்டனை குறைந்தால், பழைய குற்றத்துக்கும் அது பொருந்துமா?

இலங்கையில் தானாகப் பொருந்தாது. கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் வழக்குப் பேசுகிற எங்களிடம் கைதிகளின் வீட்டார் பத்திரிகைத் துண்டோடு வந்து, "சட்டத்த மாத்திட்டாங்களாம், தம்பிக்கு இனிக் குறையும்தானே சேர்?" என்று கேட்பார்கள். புதுச் சட்டத்தை முழுக்க வாசிக்காமல் அதற்கு ஓம் சொல்ல முடியாது.

அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரை ஒரு பக்கத்தைத்தான் காக்கிறது. குற்றம் நடந்த நாளில் இருந்ததைவிடக் கடுமையான தண்டனை விதிக்கக் கூடாது. குறைந்தால் குறைத்துக் கொடு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தின் 15 ஆம் உறுப்புரையில் அது தெளிவாக இருக்கிறது. இலங்கை 1980 இல் அதில் இணைந்தும் இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் சட்டமாக்காத சமவாயம் இங்கே நேரடியாகச் செல்லாது என்பதே 2006 இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு.

உள்நாட்டில் கை வைக்க வேண்டியது 1901 ஆம் ஆண்டின் பொருள்கோடல் கட்டளைச் சட்டம், பிரிவு 6(3). ஒரு சட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ நீக்கினாலும், அதன் கீழ் ஏற்கெனவே நடந்த குற்றமும் அதற்கான தண்டனையும் நிலுவையிலுள்ள வழக்கும் அப்படியே தொடரும். புதுச் சட்டம் வெளிப்படையாக வேறுவிதமாகச் சொன்னால் மட்டுமே மாறும்.

நம் ஆட்களுக்கு இது எங்கே சுடும் என்றால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில். 1979 இல் தற்காலிகம் என்று வந்த சட்டம். அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த 2018 சட்டமூலத்துக்குப் பிறகும் அதை மாற்றும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. நீக்கினால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நீக்கும் சட்டத்தில் அதற்கென்று ஏற்பாடு எழுதப்படாவிட்டால் பழைய வழக்குகள் ஒன்றும் ஆடாது. ஆகவே புதுச் சட்டமூலம் எது வந்தாலும் கடைசிப் பிரிவுகளை முதலில் பாருங்கள். நீக்கமும், பழைய வழக்குகளைத் தொடரவிடும் காப்பு ஏற்பாடும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அரசியல்வாதிகளின் பேட்டியில் இருக்காது.

பலரைத் திகைக்க வைக்கும் இன்னொன்றும் 13(6) இலேயே உண்டு. பிறகு கொண்டுவரப்பட்ட ஆகக்குறைந்த தண்டனையைப் பழைய குற்றத்துக்கும் விதிக்கலாம், அது அன்றிருந்த உச்சத்தைத் தாண்டாதவரை. சட்டத்தரணிகளே சிலவேளை இதைக் கவனிப்பதில்லை. எனினும் தண்டனைச் சட்டக்கோவையின் பாலியல் வல்லுறவு பற்றிய 364(2) பிரிவிலுள்ள கட்டாய ஆகக்குறைந்த தண்டனை நீதிபதியின் தற்றுணிபை, அதாவது தானே தீர்மானிக்கும் அதிகாரத்தை, கட்டாது என்று 2008 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

அப்படியானால் குறைந்த தண்டனையால் பயனே இல்லையா? தீர்ப்பு வராத வழக்கில் உண்டு. பெரும்பாலான பிரிவுகள் உச்சத்தை மட்டுமே சொல்வதால், நாடாளுமன்றமே இந்தக் குற்றத்தை இப்போது இலேசாகப் பார்க்கிறது என்று தண்டனைத் தணிப்புக்காக வாதாடலாம். நீதிபதி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் சும்மா தட்டிவிடக்கூடிய வாதமும் இல்லை. மேன்முறையீடும் முடிந்து தண்டனை அனுபவிக்கிறவருக்குச் சட்ட மாற்றம் வழக்கைத் திரும்பத் திறக்காது. 34 ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதியிடம் மன்னிப்போ குறைப்போ கேட்கலாம்.

உங்கள் வழக்கில் முதலில் குற்றப்பத்திரத்தில் குற்றம் நடந்ததாக எழுதியிருக்கும் திகதியைப் பாருங்கள். கைதான நாளோ வழக்குப் போட்ட நாளோ கணக்கில்லை. ஒரு நாளுக்குப் பதில் "இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில்" என்று இருந்து, தண்டனையைக் கூட்டிய திருத்தம் அந்த இடைவெளிக்குள் வந்திருந்தால், அதை உங்கள் சட்டத்தரணியிடம் உடனே காட்டுங்கள்.